கைதட்டலை விழுங்கிய பலகை

“கைதட்டல முழுங்குற பலகைய யாராச்சும் மண்டபத்துல மாட்டுவாங்களாம்மா?”

கலைமன்றத் தலைவர் புவனேஸ்வரன் கேட்ட கேள்விக்கு அனுசியா தலை நிமிரவில்லை. டுரியான் துங்கால் ஊரில் புதிதாக எழும்பியிருக்கும் அந்த மண்டபத்தின் ஒலியமைப்பு அவள் பொறுப்பு. எதிரொலி இல்லாதிருக்கச் சுவரெங்கும் ஒலியை உறிஞ்சும் பலகை, அதன்மேல் மெரூன் துணி என்பது அவள் வரைந்து காட்டிய திட்டம்.

நேற்று மாலை திறப்பு விழா. சலங்கை கட்டிய பிள்ளைகளை ஓரமாக நிறுத்திவைத்துவிட்டு, புவனேஸ்வரன் தலைமையுரை ஆற்றினார். சோழன் கடாரம் வென்றதில் தொடங்கி, தாம் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றது வரை ஒன்றையும் விடவில்லை. கடைசியில் “நன்றி, வணக்கம்” என்று கைகூப்பி நின்றார். விளக்கு வெளிச்சத்தில் எதிரே ஒரு முகமும் தெரியவில்லை. ஒரு கைதட்டலும் காதில் விழவில்லை. கூப்பிய கையை எப்போது இறக்குவதென்றே அவருக்குப் புரியவில்லை.

பின்வாசல் வழியாக இறங்கிக் காரில் போய் உட்கார்ந்தவர்தான். தங்கா பத்து ஊரிலிருக்கும் வீடு வரும்வரை மனைவி ராகினி ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தாள். காலையில் சவரம் செய்யக் கண்ணாடியைப் பார்க்கவே கூசியது. பாயா ரும்புட் கடைத்தெருவில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால், பக்கத்து மேசையில் பேச்சு சட்டென்று நின்றது. பாதி டம்ளரில்தான் அந்தப் பலகை ஞாபகம் வந்தது. போன உயிர் திரும்பியது. மீதித் தேநீரை வைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார்.

“மண்டபம் நிறைய ஜனம் தட்டியிருக்காங்க. ஒண்ணுகூட மேடைக்கு வரல. எவ்ளோ அசிங்கமா போச்சு தெரியுமா? இனி எந்த மேடையில ஏறுவேன்?”

“பலகைதான் தலைவரே, சந்தேகமே இல்ல,” என்றார் செயலாளர் மீரா சாஹிப் அவசரமாக. “நானு முன்வரிசையில உக்காந்து கை செவக்கத் தட்டினேன்லா!”

“கேட்டியாம்மா?”

“என் தப்புதான் அங்கிள்,” என்றாள் அனுசியா. “கணக்குல பிசகிட்டேன். கழட்டிடுறேன்.”

தப்பை ஒப்புக்கொள்கிறவர்கள்மேல் புவனேஸ்வரனுக்கு எப்போதும் இரக்கம் உண்டு. நாலு பேர் முன்னிலையில் ஒப்புக்கொண்டால் கூடுதல் இரக்கம். மண்டபத்தின் அந்தக் கோடியில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த உறுப்பினர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இங்க வாங்கப்பா! நேத்து என்ன ஆச்சுன்னு கண்ணால பாருங்க. இப்பவே ஒரு பலகைய உருவிக் காட்டுறேன்.”

அனுசியா பதறிக் குறுக்கே வந்தாள். “வேணாம் அங்கிள். நாளைக்கு ஆள் கூட்டியாந்து நானே கழட்டுறேன். ப்ளீஸ்.”

“விடுங்க தலைவரே,” மீரா சாஹிப் அவர் முழங்கையைப் பிடித்தார். “இவங்க எல்லாரு முன்னாலயும் வேணாமே.”

“நேத்து என் மானம் போனது மட்டும் தனியாவா போச்சு சாஹிப்?”

கையை உதறிவிட்டு, துணியைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தார்.

கம்பியோடு கழன்று வந்தது துணி. கம்பி தரையில் விழுந்த சத்தம் நாலு சுவரிலும் மோதி மோதி, அடங்க நேரமாயிற்று. துணி இருந்த இடத்தில் வெறும் செங்கல்.

“விழாவுக்குச் சுவர் மொட்டையா தெரியக்கூடாதுன்னு துணிய மட்டும் கட்டினோம்,” என்றாள் அனுசியா, அவர் முகத்தைப் பார்க்காமல். “பலகை இன்னும் கப்பல்லதான் வந்துக்கிட்டிருக்கு, அங்கிள்.”