பாலைப்பூவுக்குப் பிடித்த குடை

"பூ எங்கை?" என்று கேட்டார் சங்கத் தலைவர் பாலேந்திரா.

சிவபாலன் தன் குடையை மடக்கி இடது வாளியில் வைத்தார்.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்து அந்தப் பள்ளிக்கூட நடையில் அன்று குடை வைக்க இரண்டு வாளிகள் இருந்தன. இடது வாளி மண்டபத்தில் அஞ்சலி செலுத்தும் சங்கத்துக்கு. வலது வாளி, அதே நேரத்தில் உடற்பயிற்சி அறையில் அஞ்சலி செலுத்தும் மற்றச் சங்கத்துக்கு.

ஊரில் போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி நாலு நாள். துக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் குடைகள் கலந்துவிடக் கூடாது.

பதினொரு வருடத்துக்கு முன் எல்லோரும் ஒரே சங்கம். விளையாட்டுப் போட்டியில் யார் விளக்கேற்றுவது என்ற கேள்வியில் அது இரண்டாயிற்று. பிரியும்போது சோறு காய்ச்சும் பெரிய கிடாரம் இவர்களிடம் வந்தது. அதன் மூடி அவர்களிடம் போனது. அன்றிலிருந்து இவர்களுடைய பொங்கல் பாதி வெந்தும், அவர்களுடைய மூடி பளபளவென்று துலக்கப்பட்டும் இருந்து வருகின்றன.

மௌன அஞ்சலிக்கும் ஏற்பாடு உண்டு. இவர்களுக்கு நாலு மணி, அவர்களுக்கு நாலு மணி ஐந்து நிமிடம். மேலே இருப்பவர் இரண்டையும் கேட்டுக்கொள்வார். அவர் எந்தச் சங்கத்திலும் அங்கத்தவர் இல்லை.

"நோட்டீசிலை போட்டாச்சு, சிவபாலன். அரிய கறுப்பு மலர் அஞ்சலி எண்டு. அவங்கள் சிரிக்கப் போறாங்கள். பூ எங்கை?"

"வெட்டேல்லை அண்ணை."

"ஏன்?"

"உள்ளுக்கை ஒரு வண்டு படுத்திருந்தது."

பாலேந்திரா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நாடே போயிட்டுது. நீர் வண்டைப் பாத்துக்கொண்டு நிண்டனீரோ?"

சிவபாலன் தலை குனிந்தார். உண்மையில் அரை மணி நேரம் நின்றிருந்தார், கையில் கத்தரிக்கோலோடு.

அந்தப் பூ பாலைவனத்து ஐரிஸ். இறைச்சித் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஜோர்தான்காரர் ஒருவர் விதை கொடுத்தார். முளைக்க மூன்று வருடம். பூக்க இன்னும் ஐந்து வருடம். கோடை முழுக்க அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது, கிழங்கு அழுகிவிடும். மழைக்குப் பேர்போன மேற்கு யூலண்ட் பகுதியில், நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டில், சிவபாலன் ஒரு பாலைவனம் செய்தார். சிவப்புச் செங்கல்லை இடித்து மணலோடு கலந்து மேடு கட்டினார். மேலே ஒரு பழைய ஜன்னல் கண்ணாடி.

கடல்காற்று அந்தக் கண்ணாடியை அடிக்கடி தள்ளிவிடும். அவர் தொழிற்சாலையில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் மழையும் வரும். ஆனால் ஓடிவந்து பார்த்தால், யாரோ கண்ணாடியைத் திரும்ப வைத்து, பறக்காமல் கல்லும் ஏற்றியிருப்பார்கள். நாலு வருடமாக இப்படி.

பக்கத்துத் துண்டு இங்கர் அம்மையார்தான் என்று சிவபாலன் முடிவு செய்தார். மறுபக்கத்தில் மூன்று வேலி தள்ளி மிளகாய் நட்டிருந்தது கோணேசன். கோணேசன் மற்றச் சங்கம். முகம் பார்க்காமல் இருக்க இருவரும் வேறு வேறு படலையால் போய்வந்தார்கள். ஆகவே ஒவ்வொரு கோடையிலும் இங்கருக்கு ஒரு பெட்டி மட்டன் றோல்ஸ் போனது. சிவபாலன் தனக்குத் தெரிந்த டேனிஷில் நன்றி சொல்வார். அம்மையார் எதற்கென்று கேட்டதில்லை. சிரித்தபடி வாங்கிக்கொள்வார்.

இந்த வைகாசியில் தண்டு கண்ணாடியைவிட உயர்ந்துவிட்டது. கண்ணாடியை எடுக்க வேண்டியதாயிற்று. நேற்றுத்தான் மொட்டு விரிந்தது. ஒரே ஒரு பூ. கருநீலம் கறுத்து, கறுப்பாகவே ஆகிவிட்ட நிறம்.

இன்று காலையிலிருந்து கொட்டும் மழை. கத்தரிக்கோலோடு போனவர், மேட்டின் மேல் ஒரு கறுப்புக் குடையைக் கண்டார். காற்றுக்குச் சாயாமல், கைப்பிடியை மண்ணில் ஊன்றிய ஒரு தடியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அதன் கீழே பூ நனையாமல் நின்றது. பூவுக்குள்ளே டென்மார்க் வண்டு ஒன்று, குளிருக்கு ஒதுங்கி, கால்களை மடக்கிக் கிடந்தது.

அந்தப் பூவில் தேன் இல்லை. அதனிடம் இருப்பது ஒரு இரவு தங்க இடம் மட்டும். அதையும் விசாரணை வைக்காமல், கைரேகை கேட்காமல் கொடுக்கிறது.

பங்குனிக்குப் பிறகு, போர் நடந்த வன்னியிலிருந்து அக்காவின் செய்தி ஒன்றும் இல்லை. எங்காவது, யாராவது, அவளுக்கும் ஒதுங்க இடம் கொடுத்திருக்கலாம். சிவபாலன் கத்தரிக்கோலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"சரி, உள்ளை வாரும். மௌனத்துக்கு நேரமாச்சு," என்றார் பாலேந்திரா. "அவங்களுக்கு முதல் நாங்கள் முடிக்கோணும்."

அப்போது வாசல் கதவு திறந்தது.

கோணேசன்.

தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். அஞ்சலிக்கென்று போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழக்கப்படி சிவபாலனைப் பார்க்காமல் வலது வாளியருகே போனார். வைப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. ஒரு கணம் வாளியைப் பார்த்துவிட்டு உடற்பயிற்சி அறைப் பக்கம் நடந்தார்.

அவர் நடந்த இடமெல்லாம் பள்ளிக்கூடத்து வெள்ளைத் தரையில் செங்கல் சேறு சிவப்பாகப் பதிந்தது.

சிவபாலன் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இங்கருக்குக் கொடுத்த நாலு வருட மட்டன் றோல்ஸ் நினைவுக்கு வந்தது.

"என்ன, வாறீரோ இல்லையோ?" என்றார் பாலேந்திரா.

"வாறன் அண்ணை."

வெளியே மழை விடுவதாக இல்லை. சிவபாலன் இடது வாளியிலிருந்து தன் குடையை எடுத்து, வலது வாளியில் வைத்தார்.