யாராவது வராவிட்டால்

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. விடிந்தது முதல் தூறல். வெயில் எட்டிப் பார்க்கவே இல்லை.

சிறுநீரகப் பிரிவின் வாசலில் கிடந்த பெஞ்சில், பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும் ஆறரை மணிக்கே வந்து அமர்ந்துவிட்டார்கள். உள்ளே டயாலிசிஸ் இயந்திரங்கள் ஆறு. ஆறுக்கும் நிலையான நோயாளிகள் இருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் ஓட்டுநரின் பெயர் முதலாவதாக இருந்தது. மூன்று மாதங்களாக முதலாவதாகவே இருந்தது. யாராவது வராவிட்டால் அன்று அவருக்கு இயந்திரம் கிடைக்கும்.

அங்கே வருபவர் ஒருவர் வராமல் நின்றுவிட்டால், அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்று ஆறு பேரும் வந்துவிட்டார்கள்.

"டாக்டர் பதினோரு மணிக்கு வருவார். பார்த்து, மாத்திரையாவது மாத்தி எழுதிட்டுப் போங்க," என்றார் தலைமைச் செவிலி.

சீட்டு வாங்க உள்ளே போன மனைவியை, நான்காம் படுக்கைக்காரர் கண்களால் அழைத்தார். அவருக்கு அங்கே 'ஸ்தோத்திரம்' என்று பெயர். கடிகாரம் பழுதுபார்ப்பவர், வயது அறுபத்தெட்டு, மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகள். ஊசி ஏறும்போதெல்லாம் "ஸ்தோத்திரம்" என்பார்.

"ஊசி குத்தினா எல்லாரும் அம்மாவைக் கூப்பிடுவாங்க. இந்த ஆள் நன்றி சொல்றார்யா!" என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர்.

"எங்கம்மாவைக் கூப்பிட்டா, மாத்திரையை ஒழுங்கா முழுங்குடான்னு ரெண்டு அறை விடுவாங்க," என்ற ஸ்தோத்திரம் அவள் பக்கம் திரும்பினார். "இன்னிக்கும் இல்லையா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"மனசு விட்டுடாதீங்க. நிறைவான வாழ்வு தர்றேன்னு இயேசு சொல்லியிருக்கார்."

அவளுக்குச் சுருக்கென்றது. படுத்துக்கொள்ள ஒரு படுக்கை கிடைத்தவர் எதையும் சொல்லலாம்.

"என்னண்ணே நிறைவு? வெளியில வந்து அவர் காலைப் பாருங்க. செருப்புக்குள்ள நுழையல. ராத்திரியெல்லாம் உக்காந்துதான் மூச்சு விடறார்."

"எனக்கு நாலு வருஷம் முந்தியே நாள் குறிச்சிட்டாங்கம்மா. அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு நாளும் உபரி. கேக்காமலே கிடைச்சது. அதைத்தான் நிறைவுன்னு சொல்றேன். நீங்க ஜெபம் பண்றீங்கதானே?"

"பண்றேன். என்ன கேக்கறேன்னு தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டீங்க."

"சொல்லுங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க ஆறு பேர்ல ஒருத்தர் வரக்கூடாதுன்னு கேக்கறேன். தினமும். என் சின்ன மகளையும் பக்கத்துல முழங்கால் போடவச்சுக் கேக்கறேன். அவளுக்கு அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியுமே!"

ஸ்தோத்திரம் தலையைச் சற்றுத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"யார் பேரையாவது சொல்லிக் கேட்டீங்களா?"

"ஐயோ, இல்லண்ணே."

"அப்ப அதைக் கர்த்தர் பார்த்துக்குவார்," என்று ஸ்தோத்திரம் கண்களை மூடிக்கொண்டார்.

தன்மீது அவருக்கு அருவருப்பு வந்துவிட்டது என்றே அவள் எண்ணினாள்.

வியாழக்கிழமை, நான்காம் படுக்கை காலியாக இருந்தது.

"வீட்டுக்காரரை உள்ளே கூட்டிட்டு வாங்கம்மா," என்றார் தலைமைச் செவிலி.

அவள் நகரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்... போயிட்டாரா சிஸ்டர்?"

"அதெல்லாம் இல்ல. சுகமாயிட்டாராம். கர்த்தர் தொட்டுட்டார், இனிமே டயாலிசிஸ் வேண்டாம்னு இடத்தை விட்டுக் கொடுத்துட்டார். இனி இது உங்க படுக்கை. செவ்வாய், வியாழன், சனி." செவிலி அவள் முகத்தைப் பார்க்காமல் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

முதலில் நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே, கணவரை உள்ளே அழைத்துவந்து படுக்க வைக்கும்போது, ஆத்திரமும் வந்தது.

"பிள்ளையா குட்டியா அவருக்கு? தனிக்கட்டை! அவருக்கு அற்புதம், நமக்கு அவர் விட்டுட்டுப் போன படுக்கையா? கடவுள்கிட்டகூட சிபாரிசு வேணும்போல இருக்கு."

"சும்மா இருடி. கிடைச்சதே போதும்," என்றார் ஓட்டுநர், மூச்சு வாங்க.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாரா பாருங்க! தனக்குச் சுகம் வந்ததும், பெஞ்சுல கிடக்கிறவங்க யாரும் கண்ணுக்குத் தெரியல."

ஓட்டுநரின் கால் வீக்கம் இரண்டு வாரங்களில் வடிந்தது. ஜூன் மாதம் பணிமனையில் அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். மனைவி மீண்டும் ஆலயத்துக்குப் போகத் தொடங்கினாள். ஆண்டுக்கொரு முறை சாட்சி சொல்ல எழுந்து நிற்பாள். "நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். கர்த்தர் ஒருத்தரையும் சாகவிடாம, ஒருத்தரைக் குணமாக்கி எங்களுக்கு வழி திறந்தார்," என்பாள். சபையார் கைதட்டுவார்கள்.

கடிகாரக்காரர் அதே 2016 பிப்ரவரி 20, சனிக்கிழமை பிற்பகல் தம் அறையில் இறந்தார். தலைமைச் செவிலி மட்டும் அருகில் இருந்தார். நோய் அணுவளவும் குறைந்திருக்கவில்லை. மருத்துவர் மூன்று முறை தடுத்தும் கேளாமல் அவர் கையெழுத்திட்ட படிவம் இன்றும் கோப்பில் இருக்கிறது. அதில், சிகிச்சையை நிறுத்துவதற்கான காரணம் என்னும் இடத்தில் அவர் எழுதியிருப்பது இது:

"என் இடம் ஓட்டுநருக்கு. எனக்குச் சுகமாகிவிட்டது என்றே அவர் மனைவியிடம் சொல்லுங்கள். தன் ஜெபம் ஒருவரைக் கொன்றுவிட்டது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டு வாழக் கூடாது."