எழுநூறு பேர்

எழுநூறு பேரை வரச் சொல்லிவிட்டுத்தான் அவள் குளிக்கப் போனாள். திரும்பி வந்து தலையைத் துவட்டும்போது ஆறு பேர் வந்திருந்தார்கள்.

"மெதுவா வாங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு" என்றாள், பழைய லேப்டாப்பைப் பார்த்து. படுக்கையறையில், அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பிளக்கில் மாட்டிக்கொண்டு அது இரைந்துகொண்டிருந்தது.

எழுநூறு பேரும் பொய் ஆட்கள். ஒரு வலைத்தளத்தில் கூட்டம் மொய்த்தால் அது தாங்குமா என்று பார்க்க, பேரும் போன் நம்பரும் கொடுத்து அவளே உண்டாக்கியவர்கள். போன மாதம் அவள் சோதித்துக் கொடுத்த ஒரு தளம், திறந்த பத்தாவது நிமிடம் படுத்துவிட்டது. "இதுவும் படுத்துச்சுன்னா, டெஸ்டிங்னு தனியா ஒரு ஆள் எனக்கு எதுக்கும்மா?" என்று முதலாளி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

சோதிக்கும் கருவிக்காக மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். ஒன்றின் விலையைக் கேட்டதும் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இன்னொன்று, பொய் ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னது.

"இல்லாத ஆளுக்குத் தலைக்கு இவ்வளவா? நல்லா இருக்கே" என்றார்.

கடைசியில் மிஞ்சியது ஓர் இலவசக் கருவி. அதை ஓட்ட, அலுவலகத்துக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதுவும் இலவசமாக, அவள் வீட்டிலிருந்தே கிடைத்துவிட்டது.

இரவு டியூட்டி முடித்து வந்த கணவன் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் விழுந்தான். அவன் நர்ஸ். அந்தத் தளமும் அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான். இலவசக் கண் பரிசோதனைக்கு அதில்தான் டோக்கன் போட வேண்டும்.

"என்ன இது, தலைமாட்டுல ஹெலிகாப்டர் இறங்குது?"

"இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க. என் வேலையே அதுக்குள்ளதான் இருக்கு. அணைச்சு கிணைச்சு வச்சிடாதீங்க."

"அணைக்க மாட்டேன், தாயே. நீ கிளம்பு." கண்ணை மூடியபடியே சொன்னான். "நாளைக்குத்தானே திறக்கறீங்க? எங்க ரிசப்ஷன்ல நேத்தே அட்ரஸை எழுதி ஒட்டிட்டாங்க."

"தேதியையும் சேர்த்துதான் எழுதியிருப்பாங்க" என்றாள் அவள், ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டே.

அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால், தளத்தில் வந்து விழும் பதிவுகள் மட்டும்தான் தெரியும்; வீட்டு லேப்டாப் தெரியாது. பதினோரு மணிக்கு நூற்றெண்பது. மூன்று மணிக்கு நானூற்றுத் தொண்ணூறு. தளம் அசையவில்லை.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். புதிதாக வந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"இங்க பாரும்மா. ஒரு ஆள் போன் நம்பரைத் தப்பாப் போட்டுட்டு, திரும்பி வந்து திருத்தறான். இதெல்லாமா எழுதி விட்டிருக்கே?"

அவளுக்கு நினைவில்லை. தூக்கக் கலக்கத்தில் என்னென்னவோ எழுதியிருந்தாள். "எழுதியிருப்பேன் சார்" என்றாள் கொட்டாவியை மென்றுகொண்டு.

"காசு கேட்டவன்கூட இவ்வளவு தத்ரூபமாப் பண்ணிக் கொடுத்திருக்க மாட்டான்."

ஐந்து மணிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு. கிழட்டு லேப்டாப்புக்கு அவ்வளவுதான் மூச்சு என்று நினைத்துக்கொண்டு, தளத்தின் வாசலில் 'பதிவு நாளை தொடங்கும்' என்று ஒரு வரியைப் போட்டு மூடினாள்.

"போதும்மா, தளம் பாஸ். உன் சீட்டை இனிமே யாரும் அசைக்க முடியாது." முதலாளி எழுந்து சோம்பல் முறித்தார். "அந்தப் பொய் ஆளுங்களை மட்டும் துடைச்சுட்டுக் கிளம்பு. நாளைக்கு நிஜமான ஆளுங்க வர்றப்ப எல்லா டோக்கனும் காலியா இருக்கணும்."

'அழித்தால் திரும்பக் கிடைக்காது. சம்மதமா?' என்று திரை கேட்டது. நகல் எடுத்து வைக்கும் வசதிக்குத் தனிக் கட்டணம். அதையும்தான் முதலாளி வேண்டாமென்று விட்டிருந்தார். அவள் சம்மதம் என்று அழுத்தினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு, பூஜ்யமானது.

ஒரு மாதத்துப் பாரம் தோளிலிருந்து இறங்கியதில் பஸ்ஸிலேயே தூங்கிப்போனாள். இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தாள்.

கணவன் அடுத்த டியூட்டிக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு வைத்திருந்தான்.

"முகம் தெளிஞ்சிருக்கே. பாஸா?"

"பாஸ். எல்லாம் உங்க புண்ணியம். பாவம், அந்தச் சத்தத்துல கண்ணே மூடியிருக்க மாட்டீங்க."

"யார் சொன்னா? அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

ஒரு கையில் தேநீரோடு, லேப்டாப்பின் மூடியை மறு கையால் தூக்கினாள். தூங்கி எழுந்ததுபோல் ஒரு முனகலோடு அதன் விசிறி இரைய ஆரம்பித்தது. திரையில், இதுவரை அனுப்பிய ஆட்கள் ஒன்பது என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பத்தாகி, பதினொன்றானது.

தேநீரை அப்படியே கீழே வைத்தாள்.

"காலையில... இதை என்ன பண்ணீங்க?"

"அணைக்கல தாயே. சத்தம் குறையட்டும்னு நீ கிளம்பினதும் மூடி மட்டும்தான் வச்சேன்."