சட்டைப்பையில் புகையிலை

"தொண்டையில கேன்சர் எப்படி வந்துச்சுன்னு இப்பல்ல தெரியுது!"

கணவர் வேதகிரியின் சட்டைப்பையில் கிடைத்த புகையிலைப் பொட்டலத்தைத் தெருவுக்கே தூக்கிக் காட்டினாள் ரஞ்சிதம்.

"எத்தினி வருஷமாய்யா இந்தக் கருமத்தைப் போட்டுகினு இருக்கே?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே" என்று தலைகுனிந்தார் வேதகிரி.

திட்டினாள், அழுதாள், கடைசியில் மனசு கேட்காமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள்.

மாலையில் பெட்டிக்கடை முனிரத்தினம் கேட்டான்: "தறியில நெய்யற பட்டு கறையாயிடும்னு வெத்தலைகூடத் தொடாத ஆளாச்சே! காலைல மொத தபாவா புகையிலை வாங்கினீங்களே, எதுக்குண்ணே?"

"மெதுவா பேசுடா! இது வாய்க்கு வாய் ஒட்டுற வைரஸால வந்ததுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணமங்கலத்துல ஒருத்தி இருக்கறது இவளுக்குத் தெரிஞ்சா, கேன்சருக்கு வேலையே இருக்காது."