குண்டூசி டப்பாவில் எஃப்

காலை பத்தே காலுக்கு, நூற்றுநான்கு விசைகள் உள்ள கீபோர்டில், ஸ்டுடியோக்காரர் தேவசகாயத்தின் முழங்கை எஃப் மீது பட்டது. அவர் திருத்திக்கொண்டிருந்த கல்யாணப் படம் திரை முழுக்க விரிந்தது, மெனுக்கள் மறைந்தன.

"இன்னொரு தடவை என்னைத் தட்டுங்கண்ணே, பழையபடி வந்துடும்," என்று எஃப் கெஞ்சியது.

"தட்ட மாட்டார். முதல்ல என்னைப் போட்டு உலுக்குவார், அப்புறம் கம்ப்யூட்டரை அணைப்பார்," என்றது மவுஸ். "அவருக்கு இருபது வருஷ அனுபவம்ப்பா!"

அப்படியே நடந்தது. சேமிக்காத ஆல்பம் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகப் போனது. தேவசகாயம் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். எஃப்பை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்துக் குண்டூசி டப்பாவில் போட்டார். கம்ப்யூட்டரை மறுபடி போட்டால், படம் விரிந்தபடியேதான் திறந்தது.

"ஐயோ, இதைச் சுருக்க நான் வேணுமே!" என்று டப்பாவுக்குள்ளிருந்து எஃப் கத்தியது.

"சும்மா இரு. படம் பெரிசாத் தெரியுறதுதான் நம்ம ஸ்டுடியோ ஸ்பெஷல்னு பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டிருக்கார்," என்றது மவுஸ்.

மார்ச் பதினான்காம் தேதி தேவசகாயம் போட்டோ எடிட்டிங் வகுப்பு தொடங்கினார். சேர்ந்த பதினொரு பேருக்கும் முதல் நாள் பாடமாக, எஃப்பை நெம்பி எடுக்கக் கற்றுக்கொடுத்தார்.