தூசிக்குக் காவல்

இருதயராஜ் தன் பழைய காரின் இன்ஜினைத் தானே பிரித்து வேலை பார்த்தார். காற்று போகும் குழாயில் தூசி விழாமல் இருக்க, அதன் வாயில் ஒரு கந்தல் துணியைத் திணித்து வைத்தார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியவர் துணியை மட்டும் மறந்துவிட்டார்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது; கிளம்பவில்லை.

“அண்ணே, மூச்சு முட்டுது. கொஞ்சம் நகருங்களேன்” என்று துணியிடம் கெஞ்சியது இன்ஜின்.

“நான் நகர்ந்தா தூசி உள்ள போயிடும். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்” என்றது துணி, இன்னும் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டு.

மறுபடியும் திருப்பிப் பார்த்தார். ஊஹூம்.

“ஓடி ஓடித் தேய்ஞ்ச வண்டி. இனிமே பழைய இரும்புக் கடைதான்” என்றார் இருதயராஜ். இன்ஜினுக்கு உதறல் எடுத்தது. துணி அசையவில்லை.

கடைக்காரருக்குப் போன் போடலாமென்றால் கையெல்லாம் கிரீஸ். துடைக்கத் துணியைத் தேடினார். டூல்ஸ் பெட்டியில் இல்லை, சீட்டிலும் இல்லை. சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டு ஓடி, குழாயைக் கழற்றித் துணியை உருவினார்.

அடுத்த திருப்பிலேயே இன்ஜின் உறுமியது. இருதயராஜ் சிரித்துக்கொண்டே அந்தத் துணியில் கையைத் துடைத்தார்.

“பார்த்தியா? நான் இருந்தவரைக்கும் ஒரு தூசி உள்ள போச்சா?” என்று கேட்டது துணி.

இன்ஜின் ஆசை தீர மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.