நல்லம்மா ஓம் சொல்லவேண்டும்

“அங்க மேல மூச்சு முட்டினா ஆர் பாக்கிறது?” என்று கேட்டார் நல்லம்மா.

றிப்தி வாயில் வைத்த பிளேன்ரீயை அவசரமாக விழுங்கினான். இது பதினாலாவது கேள்வி. மூதூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளிவெட்டிக்கு வரும் வழியெல்லாம் பதில்களைப் பாடமாக்கிக்கொண்டுதான் வந்திருந்தான். ஆனால் கேள்விகள் அவன் நினைத்த வரிசையில் வந்தால்தானே.

“வழிகாட்டி ஒராள் கூட வாறார் அம்மா. ஒக்சிசனும் கொண்டு வருவார்.”

“ஒக்சிசனோ? அப்ப மூச்சு முட்டும் எண்டு அவைக்கே தெரியும்.”

விதைநெல் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்த நல்லம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. றிப்தி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் திருத்தும் இடத்தில் றிப்தியும் நல்லம்மாவின் மகன் திலக்சனும் ஒன்றாக வெல்டிங் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் இருபத்தொரு வயது. சித்திரையில் நேபாளம் போய், அன்னபூர்ணா மலையின் அடிவார முகாம் வரைக்கும், நாலாயிரத்து நூறு மீற்றர் உயரத்துக்கு நடந்தே ஏறவேண்டும் என்று ஒரு வருடமாகத் திட்டம். வேலை முடிந்ததும் முதுகுப்பையில் இரும்புத் துண்டுகளைப் போட்டுக்கொண்டு கோணேசர் கோயில் ஏற்றத்தை மூன்று தரம் ஏறி இறங்குகிறார்கள். சப்பாத்து, கடவுச்சீட்டு எல்லாம் தயார்.

ஒன்றுதான் குறை: நல்லம்மாவின் சம்மதம். “நல்லம்மாட வாயால ஓம் எண்டு வராமல் டிக்கட் போடப்படாது” என்று றிப்தியின் வாப்பா ஸஹாப்தீன் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

“வருஷப்பிறப்புக்கும் வீட்டில நிக்க மாட்டியளோ?”

“வருஷம் முடிஞ்ச மறுநாள்தான் அம்மா போறம்.”

“சாப்பாடு?”

“பருப்பும் சோறும் எங்கயும் கிடைக்கும்.”

“அன்னபூரணியிட பேரை வச்ச மலை. அங்கயும் வெறும் பருப்பும் சோறும்தானா?”

குசினி வாசலில் நின்ற திலக்சன் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான். வந்த நேரத்திலிருந்து அவன் வாயே திறக்கவில்லை. றிப்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சேர்த்துக் கதைத்தால் இவனுக்கு என்ன குறைந்துவிடும்?

நல்லம்மா ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“பகிடி கிடக்கட்டும் மகன். குளிர் ஒத்துவராது. ஆறு மாசத்தில நெஞ்சுச்சளி கட்டி ஏழு நாள் பெரியாஸ்பத்திரியில கிடந்த பிள்ளை. மூச்சு இழுக்கிற இழுவையைப் பாத்து, பிழைக்காது எண்டு பக்கத்துக் கட்டில்காரியே அழுதவள். அந்த நெஞ்சைப் பனிக்குள்ள அனுப்பச் சொன்னா நான் என்ன செய்யிறது?”

“டொக்டர் பாத்திட்டார் அம்மா. ரெண்டு பேருக்கும் கடுதாசி தந்திருக்கிறார்.”

“டொக்டரோ ஏழு நாளும் மடியில வச்சுக்கொண்டு இருந்தது?”

றிப்தி கோப்பையைக் கீழே வைத்தான். அந்த ஏழு நாள் கதையை அவன் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான். எப்பேர்ப்பட்ட மனுசி இவர் என்று நினைத்தான். இவர் ஏலாது என்றால் மலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பேசாமல் திரும்பிப் போய் வெல்டிங்கைப் பார்க்கலாம்.

எழும்பப் போனவன் மறுபடி கதிரையில் உட்கார்ந்தான்.

“அம்மா, ஒண்டு மட்டும் சொல்லுறன். அந்த நாட்டில கடல் இல்ல.”

ஊசி நின்றது.

“ஒரு பக்கத்திலயும் இல்லையோ?”

“ஒரு பக்கத்திலயும் இல்ல. நாங்க ஹாபருக்குப் போற ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, கடல் எப்பிடிக் கிடக்கு எண்டு கேக்கிறீங்க. நாங்க அங்க நிக்கிற பதினொரு நாளும் நீங்க அந்தக் கேள்வியைக் கேக்கத் தேவையில்ல.”

நல்லம்மா ஊசியைச் சாக்கில் குத்திவைத்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“சரி. ஓம். போயிட்டு வாங்கோ. ஆனா உள்ளுக்கு ரெண்டு பெனியன் போடவேணும். ஒவ்வொரு நாளும் போன் எடுக்கவேணும்.”

“பெரிய உபகாரம் அம்மா” என்றான் றிப்தி. வாசல் பக்கம் திரும்பி, “கேட்டியா மச்சான், அம்மா ஓம் எண்டிட்டா” என்றான்.

“அவனுக்கென்ன கேள்வி?” என்றார் நல்லம்மா. “அவன் கல்லுக்குண்டு. அவனுக்கு நான் தை மாசமே ஓம் சொல்லிட்டன். உன்ர நெஞ்சை நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் நித்திரை இல்லாமல் கிடந்தனான்.”

றிப்தியின் போன் அடித்தது. ஸஹாப்தீன்தான். எடுத்த எடுப்பிலேயே, “என்ன மகன், உன்ர தாய் ஓம் சொன்னாவா?” என்று கேட்டார்.

“ஓம் வாப்பா, சொல்லிட்டா” என்றான் றிப்தி. சுனாமி தன் உம்மாவைக் கொண்டுபோன அன்று, நாற்பது நாள் குழந்தையாகக் கிளிவெட்டிப் பள்ளிக்கூட முகாமில் பாலுக்கு வீறிட்ட தன்னை வாங்கி, திலக்சனை ஒரு பக்கமும் தன்னை மறுபக்கமும் போட்டுப் பால் கொடுத்த அந்த மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டான்.